அடுப்படிக்கு இருபத்து நான்கு மணி நேரம்

எங்கள் லைனில் தூரம் முதன்முதலாகப் புகுந்தது சவுந்தரவல்லி வீட்டுக்குள். அவள் புருஷன் குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வாசலில் சிலிண்டர்காரர் கூப்பிடுகிறாரென்று ஆறு எட்டு வைத்துக் கூடத்துக்கு வந்தவள், திரும்பி அடுப்படிக்குப் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. பால் பொங்கி, வழிந்து, வற்றி, கருகி, பாத்திரத்தின் அடி சிவந்து பொத்தலாகிப் போயிருந்தது. கால் கடுக்கிறது, காது அடைத்துக்கொண்டது, நடுவில் குளிர் தாங்கவில்லை என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள், "உக்காந்த எடத்துல தூங்கியிருப்பே, போடி" என்று சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சிரித்தவர்களில் நான்கு பேருடைய அடுப்படிகளும் தள்ளிப்போயிருந்தன.

மில் மூடியபோது தொழிலாளிகளுக்கே எழுதிக்கொடுத்த லைன் வீடுகள் அவை. திருச்சி விமான நிலையத்துக்குத் தெற்கே, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய முப்பத்தொரு வீடுகள். முன்னால் கூடம், பின்னால் அடுப்படி, நடுவில் ஒரு நடை, பின்வாசல் கிடையாது. நான் மில்லில் வயர்மேனாக இருந்தவன். முப்பத்தொரு வீட்டுக்கும் நான்தான் வயர் இழுத்தேன். கூடத்து சுவிட்ச் போர்டிலிருந்து அடுப்படி விளக்குவரை இருபத்திரண்டு அடி என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். சவுந்தரவல்லி கூப்பிட்டதும் போய் இரும்பு டேப்பை நீட்டிப் பார்த்தேன். நுனி அடுப்படிச் சுவரில் போய் முட்டியது, இருபத்திரண்டு அடி. சுவிட்சைப் போட்டால் விளக்கு உடனே எரிந்தது, கூப்பிட்டால் குரல் உடனே கேட்டது, கழியால் தள்ளினால் தட்டும் சொம்பும் நொடியில் போய்ச் சேர்ந்தன. ஆள் மட்டும்தான் போய்ச் சேரவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி ஆளை இழுத்துப் பார்த்தார்கள்; கயிறு மட்டும்தான் வந்தது. பின்சுவரை உடைத்துப் பார்த்தார்கள். உடைத்த ஓட்டைக்கும் அடுப்புக்கும் நடுவே அதே ஐந்து மணி நேரம் படுத்திருந்தது. சிலர் அடுப்பையே கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பத்து நாளில் தூரமும் பின்னாலேயே வந்து, அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே சுருண்டுகொண்டது.

இன்னது இன்ன அளவு என்று கண்டுபிடித்தது முக்கில் டிராவல்ஸ் வைத்திருந்த காஜாமைதீன் பாய். "சவுந்தரவல்லி வீட்டுக்கு அஞ்சு மணி, குவைத் ஃப்ளைட்டு அஞ்சு மணி. லூர்துசாமி வீட்டுக்கு நாலு, அவர் மக சிங்கப்பூர்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று, கரண்டு பில்லை வாசிப்பதுபோல வாசித்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை மணி என்றுதான் கேட்டார்கள். வீட்டு ஆள் போன ஊருக்கு விமானம் எவ்வளவு நேரம் பறக்குமோ அவ்வளவு நேரம், கூடத்திலிருந்து அடுப்படிக்கு.

அதன்பின் லைன் தன் பாட்டுக்கு நடந்தது. அடுப்படிக்குப் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் தயிர்சாதப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டுக்கு வீடு நீளமான மூங்கில் கழி வாங்கி வைத்தார்கள். நடுவில் விமானம் மாறிப் போகிற பிள்ளைகளுடைய வீடுகளில், நடையின் ஒரு இடத்தில் கால் தானாக நின்றுவிடும். மூன்று மணியோ ஐந்து மணியோ எடுத்து வைக்க முடியாது. அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். மேற்கே போன பிள்ளைகளின் வீட்டில் அடுப்படிக்குப் போவதைவிடத் திரும்பி வருவது கொஞ்சம் சீக்கிரம், எதிர்க்காற்று இல்லை. லூர்துசாமியின் இளைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், அவள் காபித் தட்டோடு அடுப்படியிலிருந்து புறப்பட்டதைப் பார்த்துவிட்டு, பாயை விரித்துப் படுத்துத் தூங்கி எழுந்து, ஆறிப்போன காபியைக் குடித்து, பெண்ணுக்கு நடக்கத் தெம்பிருக்கிறது என்று சம்மதம் சொல்லிப் போனார்கள். வீட்டு வரிக்கு அளக்க வந்தவர் டேப்பைப் பிடித்து, இருபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே கால் வைக்காமல் போனார். எங்கோ இரண்டு நாடுகள் குண்டு போட்டுக்கொண்டு ஆகாயத்தை மூடினால், செய்தி வருவதற்கு முன்னால் எங்கள் லைனில் நடைகள் இரண்டு மணி நேரம் நீண்டன. நேர் விமானம் புதிதாக விட்டால் பாய் கடை வாசலில் பெண்கள் கேசரி கொடுத்தார்கள்.

எங்கள் மகன் தனசேகர் அப்போது ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். நாலு மணி பத்து நிமிடம். நானும் பூங்காவனமும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அடுப்படியிலிருந்து பேசுவாள், நான் கூடத்திலிருந்து பேசுவேன், சாப்பாட்டுக்கு யாராவது ஒருவர் நடப்போம். பிறகு ஒருநாள் அவன் ஃபோன் செய்தான்.

"அப்பா, கனடா கிடைச்சிருச்சு. டொராண்டோ. போகவா?"

நான் பாயிடம் போய்க் கேட்டேன். அவர் காகிதத்தில் எழுதிக் கூட்டினார். "இங்கேருந்து துபாய் நாலு. அங்க ஆறு மணி உக்காரணும். அப்புறம் பதினாலு. இருபத்து நாலு மணி, மருதைண்ணே. பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல." காகிதத்தை என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றபடியே சொன்னேன். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"போகச் சொல்லுங்க" என்றாள். "நாம எங்க ஓடப்போறோம்? இருக்கற இடத்துல இருப்போம். அவன் மேல வரட்டும்."

அவன் விமானம் ஏறிய நாளில் எங்கள் நடை நீண்டது. ஒரு முழுப் பகலும் இரவும். அதற்குப் பிறகு வீட்டின் இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் என்றுதான் இருந்தோம். சோற்றை அவள் கழியால் தள்ளுவாள், காய்கறியை நான் தள்ளுவேன். சனிக்கிழமை தோறும் அவள் அங்கிருந்து கிளம்புவாள், நான் இங்கிருந்து கிளம்புவேன், பன்னிரண்டு மணி நேரம் நடந்து நடுவில் பார்த்துக்கொள்வோம். அங்கே இரண்டு நாற்காலி போட்டிருந்தேன். கூடவே ஒரு பல்பு. ஆறு மணி நேரம்போல அங்கே உட்கார்ந்திருப்போம். அவள் என் சட்டைக் கிழிசலைத் தைப்பாள், நான் அவள் பாதத்துக்கு எண்ணெய் தேய்ப்பேன், பிறகு அவரவர் பக்கம் நடப்போம். கல்யாணமான முப்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. ஏழு வருடம் அப்படி.

இதற்கு நடுவில்தான் சோலைமுத்து தலை முழுகினார். அவர் மகன் லண்டனில். கொழும்பில் மாறி, பதினைந்து மணி நேரம். இரண்டு வருடமாக மகன் பேசவில்லை. சோலைமுத்துவுக்கு மூட்டு வலி. ஒருநாள் உச்சிவெயிலில் குழாயடிக்கு வந்து, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கித் தலையில் கவிழ்த்து, "எனக்குப் புள்ள இல்ல. செத்துட்டான்னு தலை முழுகிட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆறு எட்டு. உடனே ஊறுகாய் ஜாடியோடு தெருவுக்கு ஓடி வந்தார். "ஊறுகாடா! மூணு நாளா இதுக்கு நடக்க முடியாம மோர்சோத்த வெறுமனே தின்னேன்டா!" என்று சிரித்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. தெருவே கூடிச் சிரித்தது.

தீபாவளிக்கு அவர் மனைவி லண்டனுக்கு ஃபோன் செய்தாள். "யாருங்க? தப்பான நம்பருங்கம்மா. நீங்க யாரைத் தேடறீங்க?" என்றானாம். கோபத்தில் பேசுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவ்வளவு மரியாதையாக அவன் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. அதில்தான், அவனுக்கு உண்மையிலேயே தன்னைத் தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அன்றைக்குப் பிறகு, ஆண்பிள்ளை யாராவது குடத்தோடு குழாயடிக்கு வந்தால், பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, "எதுக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படியும் மூன்று வீடுகள் சுருங்கின.

அடுத்த சனிக்கிழமை, நடுவழி நாற்காலியில் பூங்காவனம் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நான் சாகக் கெடந்தாலும் அதைச் செய்ய மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"சொல்றேன்னு சொல்லாதீங்க. சொல்லுங்க."

சொன்னேன்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, வாயு. நெஞ்சைப் பிடிக்குது" என்றாள். பூண்டைத் தட்டித் தின்கிறேன் என்றாள். பதினொரு மணிக்கு அவள் குரல் தரையிலிருந்து வந்தது. நடையின் வழியாகப் பார்த்தால் அவள் கால் தெரிந்தது, ஒரு மெட்டி தெரிந்தது. இருபத்திரண்டு அடி.

சவுந்தரவல்லியும் பாயும் ஓடி வந்தார்கள். பாய் எங்கிருந்தோ நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை வாங்கி வந்தார். அதைக் கழி நுனியில் கட்டி, தள்ளி, அவள் விரலைத் தொடும்வரை கொண்டுபோனேன். விரல் அசைந்தது, பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல் உள்ளே நடந்தார்கள். அவர்கள் நடப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். முதுகு எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

நான் தனசேகருக்கு ஃபோன் செய்தேன். அங்கே அகாலம், உறக்கத்திலிருந்து எடுத்தான். சொன்னேன். உடனே கிளம்பு என்றேன்.

"அப்பா… வியாழக்கிழமை பேப்பர் கைக்கு வருதுப்பா. அதுக்கு முன்னாடி நாட்டை விட்டா திரும்ப உள்ள விடமாட்டான். ஏழு வருஷம்ப்பா." பிறகு, "அம்மாகிட்ட குடுங்க."

"எப்படிடா குடுக்கறது? அவ உன் ஊர் தூரத்துல கெடக்கறா."

அழுதான் என்று நினைக்கிறேன். லைன் அறுந்தது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, அவசரப்படாதீங்க" என்றார் பாய். "அவன் ஃப்ளைட் ஏறிட்டான்னா இங்க தூரம் குறைய ஆரம்பிச்சிரும். அவன் அங்கேருந்து வரட்டும், நீங்க இங்கேருந்து நடங்க. பன்னெண்டு மணிநேரக் கணக்கு."

"ஏறலைன்னா?"

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

"ஏறினாலும், பன்னெண்டு மணி அவ தாங்குவாளா பாய்?"

ஒரு மணி அடித்தபோது பூங்காவனத்தின் குரலில் காற்று மட்டும்தான் இருந்தது. திரும்பினால் வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தது. சவுந்தரவல்லி அதன் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

குடத்தின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வேணாங்க" என்றாள் உள்ளேயிருந்து. "என்னங்க… வேணாம். நான் இருக்கேன். நீங்க மெதுவா வாங்க."

நான் கவிழ்த்துக்கொண்டேன். "தனசேகர்னு எனக்கு ஒரு பிள்ளை இல்ல" என்றேன். என் வாயால் சொன்னேன். உள்ளே ஓடினேன். ஆறு எட்டு. ஆம்புலன்ஸ்காரர்கள், படி இருக்கிறதென்று நினைத்து வெறும் தரையில் கால் வைத்தவர்களைப்போலத் தடுமாறி அடுப்படிக்குள் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் போயிருக்கும் என்றார். அதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"தலை ஏன் ஈரமா இருக்கு?"

"வேர்வை."

பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னையும் சேர்த்து முழுகிட்டீங்களா?" என்றாள்.

அதன்பின் அவள் பதினோரு வருடம் இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். நடுவழி நாற்காலிகள் நடையை அடைத்துக்கொண்டு நின்றன. இரண்டையும் சவுந்தரவல்லிக்குக் கொடுத்துவிட்டாள். எங்களுக்குள் அப்புறம் பேச அதிகம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் டொராண்டோவுக்கு ஃபோன் போட்டாள்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தான்…" என்று ஆரம்பித்தாள். அவன் மறுபடி, "யாருங்கம்மா வேணும்?" என்றான்.

"தப்பா போட்டுட்டேன் தம்பி" என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?"

அவன் சிரித்தான். "சாப்பிட்டேம்மா. நீங்க?"

அடுத்த மாதமும் தப்பாகப் போட்டாள். அதற்கடுத்த மாதமும். தனியாக இருக்கிற கிழவி, பேச்சுத் துணைக்குப் போடுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்போல. நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்குக் கல்யாணமானதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம். பெண் குழந்தை பிறந்ததையும். "உங்களுக்குப் பசங்க இல்லையாம்மா?" என்று ஒருதடவை கேட்டான். "ஒரு பையன். வெளியூர்ல இருக்கான்" என்றாள். "வர்றதில்லையா?" "வேலை தம்பி."

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு, ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், அவன் ஒரு கதை சொன்னான்.

"எனக்கு ஒருதடவை நடந்ததைச் சொன்னா சிரிப்பீங்கம்மா. இங்க ஏர்போர்ட்ல, விடியக்காலைல, போர்டிங் வரிசைல நிக்கறேன். கையில பை. கையில டிக்கெட்டு, திருச்சிக்கு. எதுக்கு நிக்கறேன், திருச்சில யாரு, ஒண்ணும் ஞாபகமில்ல. எனக்கும் திருச்சிக்கும் என்ன? கன்னமெல்லாம் ஈரமா இருக்கு, பின்னால நிக்கறவர் முதுகைத் தட்டிக் குடுக்கறார். வெக்கமாப் போச்சு. பையைத் தூக்கிட்டு ரூமுக்கு வந்துட்டேன். நல்ல வேளை, அந்த வாரம்தான் எனக்குப் பேப்பர் வந்துச்சு. ஏறியிருந்தா எல்லாம் போயிருக்கும்."

"ஆமா தம்பி, நல்ல வேளை" என்றாள் பூங்காவனம். "வேளைக்குச் சாப்பிடு." ஃபோனை வைத்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவள் போனது ஒரு மாசி மாதம், விடிகிற நேரத்தில், தூக்கத்திலேயே. ஆறரைக்குள் லைன் முழுக்க வாசலில் கூடிவிட்டது. எங்கள் லைனில் சாவு விழுந்தால் முதல் கேள்வி, எந்த ஊரிலிருந்து யார் வரவேண்டும், எத்தனை மணி நேரம் என்பதுதான். அதைக் கேட்டுக்கொண்டுதான் ஐஸ் பெட்டிக்குச் சொல்வார்கள். சோலைமுத்து என்னிடம் வந்து, வாயைத் திறந்து, கேட்காமல் மூடிக்கொண்டார். "பெட்டி வேணாம்" என்றேன். "ரெண்டு மணிக்கு எடுத்துரலாம்."

பிறகு அவள் ஃபோனை எடுத்து உள்ளே போனேன். அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். உடனே எடுத்தான்.

"அம்மாவா? என்னம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?"

"நான் அவங்க வீட்டுக்காரர், தம்பி."

சொன்னேன். அவன் பக்கம் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அதை யாரோ அப்பால் தூக்கிப்போனார்கள்.

"அடடா" என்றான். "நல்லா பேசுவாங்க. எப்பவும் சாப்பிட்டியான்னுதான் கேப்பாங்க." பிறகு, "எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டான்.

"ரெண்டு மணிக்கு."

"அவ்வளவு சீக்கிரமாவா? பையன் வெளியூர்ல இருக்கார்னு சொன்னாங்களே. அவருக்குக் காத்திருக்கலையா?"

"இல்ல தம்பி" என்றேன். "வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சு."

"சரிங்க" என்றான். நான் வைக்கட்டும் என்று அவனும், அவன் வைக்கட்டும் என்று நானும் கொஞ்ச நேரம் இருந்தோம். வாசலில் பறை அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் அவன் எப்போது வைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை.